ஓடைக்குக் கோடு போட்டவர்

என் அக்காவின் கணவரை முகத்துக்கு நேரே மாமா என்போம். முதுகுக்குப் பின்னால் கோடு மாமா. தார்ச்சாலையில் வெள்ளைக் கோடு போடுவதுதான் அவர் வேலை. இந்த ஊரில் நீங்கள் எந்தச் சாலையைக் கடந்தாலும் அவர் கோட்டைத்தான் மிதித்திருப்பீர்கள். மிதித்ததை அவர் பார்த்திருந்தால், உங்கள் காலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்காமல் கோட்டுக்கு என்ன ஆயிற்று என்று குனிந்து பார்த்திருப்பார். இரு முனையிலும் ஆணி அடித்து, நூலை இழுத்துக் கட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் பார்க்கிற பார்வையில் சாலையே பயந்து நேராகப் படுத்துக்கொள்ளும் என்று அவருடைய கூட்டாளிகள் சொல்வார்கள்.

பிறகு கோடு போடுவதற்கென்றே ஒரு வண்டி வந்தது. ஒரே ஆள் உட்கார்ந்தபடி ஓட்டிக்கொண்டு போவான், பின்னால் கோடு தானாக விழுந்துகொண்டே வரும். மாமாவை மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வண்டி போட்ட கோட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். குறை சொல்ல ஒன்றுமே இல்லாததால் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அதன்பின் வீடுதான் அவருக்குச் சாலை. அலமாரியில் டப்பாக்கள் உயர வாரியாக அணிவகுத்தன. துணிக்கொடியில் சட்டைகள் ஒரே பக்கம் பார்த்தன. வாசலில் ஒவ்வொரு செருப்புக்கும் சாக்பீஸால் உருவம் வரைந்து, யார் செருப்பு எங்கே படுக்க வேண்டும் என்று இடம் ஒதுக்கினார். அடுப்பிலிருந்து சாப்பாட்டு மேசை வரை தரையில் வெள்ளைக் கோடு ஒன்று வந்தது. போகும்போது அதற்கு இடப்பக்கம் போக வேண்டும், வரும்போதும் இடப்பக்கம் வர வேண்டும். என் அக்காவோ செருப்பை உதறினால் ஒன்று வாசலிலும் ஒன்று வராந்தாவிலும் விழுகிற ஜாதி. இருவரும் இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியதற்குக் காரணம், பகல் முழுக்க மாமா ரோட்டில் இருந்ததுதான்.

ஒருநாள் அக்கா என்னைத் தேடிப் படகுத்துறைக்கே வந்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். இந்த மனுஷனை எங்கயாவது வேலைக்குச் சேர்த்து விடுடி. நான் அசந்து தூங்குறப்ப என் காலு ரெண்டையும் சேர்த்து நேரா வெக்கிறாரு."

நான் சிரித்தேன். அவளும் சிரிப்பதுபோல் ஆரம்பித்து, பாதியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிற விஷயம் அதுவல்ல என்றாள். வீட்டை அடுக்கி முடித்ததும் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டையே பார்க்கிறாராம். முகம் தொங்கிப்போய்க் கிடக்கிறதாம். பார்க்க முடியவில்லை என்றாள்.

நான் கடலோரச் சீரமைப்பு நிலையத்தில் படகு ஓட்டுகிறேன். நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட இரண்டு அறை, அதில் ஒன்றில் ரப்பர் பூட்ஸ் நாற்றம், இன்னொன்றில் டீ. எங்கள் தலைவி மண்ணைப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். ஊரில் அவரைச் சேற்று டாக்டர் என்பார்கள். அவருக்கு அந்தப் பெயரில் பெருமைதான். ஒருமுறை வயிற்றுவலி என்று வந்த ஒருவரைக்கூட உட்கார வைத்து, நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் திருப்பி அனுப்பினார்.

அவர் அப்போது வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பழைய இறால் பண்ணைக்கு. முன்பு அது அலையாத்திக் காடு. யாரோ மரத்தை வெட்டி, சுற்றிலும் கரை கட்டி, இறால் வளர்த்து, இறாலுக்கு நோய் வந்ததும் கைகழுவிவிட்டுப் போய்விட்டார்கள். கரை மட்டும் நின்றது. கடல் தினமும் வந்து அதில் முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. உள்ளே மண் வெடித்து உப்புப் பூத்துக் கிடந்தது. எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் அங்கே கன்றுகளை வரிசையாக நட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போட்டோ நன்றாக வந்தது. கன்று ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

சேற்று டாக்டர் கன்று நடுவதைப் பற்றிப் பேசவே இல்லை. தண்ணீரை உள்ளே விடு, மீதியை அது பார்த்துக்கொள்ளும் என்பார். பக்கத்துக் கழிமுகத்தில் நிற்கிற மரங்கள் விதையைத் தண்ணீரில்தான் போடுகின்றன. வழி கிடைத்தால் அவை மிதந்து வந்து தாமே இறங்கும். அந்த வழிதான் சங்கதி. கரையை உடைத்து, பழைய காட்டில் இருந்ததுபோல் ஓடை வெட்ட வேண்டும். ஓடை நேராக இருந்தால் தண்ணீர் ஓடி வந்து ஓடிப் போய்விடும், போகிறபோது வண்டலையும் விதையையும் வாரிக்கொண்டு போகும். கோணல் மாணலாக இருந்தால் அங்கங்கே ஒதுங்கி, தயங்கி, கொண்டுவந்ததைப் போட்டுவிட்டுப் போகும். ஆக, ஓடையின் பாதையைத் தரையில் முளைக்குச்சி அடித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். அதை வைத்து பொக்லைன் வந்து தோண்டும்.

நான் மாமாவின் பெயரைச் சொன்னேன். நூல் கட்டத் தெரியும், குச்சி அடிக்கத் தெரியும், வெயிலுக்கு அஞ்சமாட்டார் என்றேன். அவருடைய வியாதியைச் சொல்லவில்லை.

முதல் வாரம் யாருக்கும் தெரியவில்லை. மண் மாதிரி எடுத்த பைகளை உயர வாரியாக அடுக்கினார், எல்லோரும் மெச்சினார்கள். பூட்ஸுகளை அளவு வாரியாக வைத்தார், முதல்முறையாக டாக்டருக்கு இரண்டு காலுக்கும் ஒரே அளவு பூட்ஸ் கிடைத்தது. அவரும் மாமா என்றே கூப்பிட ஆரம்பித்தார். என் படகுக்குள் மட்டும் மாமா, யார் கால் எங்கே என்று வெள்ளைக் கோட்டால் கட்டம் போட்டுவிட்டார். அதற்கு நான் அவரோடு ஒருநாள் முழுக்கப் பேசவில்லை.

பிறகு ஓடைக்கு வந்தார். டாக்டர் அவரை உள்ளே கூட்டிப்போய் விளக்கமாகத்தான் சொன்னார். தாழ்வான இடமாகப் பார்த்துப் போங்கள், ஒரு வளைவு மாதிரி இன்னொரு வளைவு இருக்கக் கூடாது, கிளை பிரியட்டும், சில கிளை எங்கும் போய்ச் சேராமல் நின்றாலும் நல்லது. மாமா தலையாட்டினார். சாயங்காலம் நாங்கள் கரைமேல் ஏறிப் பார்த்தால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சுண்ணாம்புப் பொடியில் ஒரே நேர்ப்பாதை. நடுவில் விட்டுவிட்டு இழுத்த கோடு. வாய்க்கால் முகத்தில், கடல் நின்று பார்த்து உள்ளே வருவதற்கு, குறுக்கே ஒரு பட்டைக் கோடு. கிளை பிரியும் இடத்தில் அம்புக்குறி.

டாக்டர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"மாமா, தண்ணி ஓவர்டேக் பண்ணலாமா?"

"நடுக்கோடு விட்டுவிட்டுப் போட்டிருக்கேன்ல. பண்ணலாம்" என்றார் மாமா.

மறுபடி போடச் சொன்னார்கள். போட்டார். இந்தத் தடவை வளைவு வந்தது. வலப்பக்கம் ஒரு வளைவு, இடப்பக்கம் ஒரு வளைவு, மறுபடி வலப்பக்கம், எல்லாம் ஒரே அளவு, ஒரே தூரம், ஜன்னல் திரையின் ஓரத்தில் தைக்கிற வேலைப்பாடு மாதிரி. டாக்டருக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. பொக்லைன் வருகிற நாள் குறித்தாகிவிட்டது, நாங்கள் கரையை உடைக்க வேண்டிய, கடல் மிக உயரமாக ஏறுகிற அலைநாளும் நெருங்குகிறது, அதற்குள் பாதை சரியாக வராவிட்டால் வேறு ஆளைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும் என்று என்னிடம் சொன்னார். மாமாவிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நான்தான் சொன்னேன். மாமா படகில் தான் போட்ட கட்டத்துக்குள் காலை வைத்து உட்கார்ந்துகொண்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் அக்கா சொன்ன ஜன்னல் எனக்கு ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து மாமா கோணலைப் பயில ஆரம்பித்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தார். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் காலடிகள் நூல் பிடித்தாற்போல் இருந்தன. வீட்டில் நின்ற இடத்தில் கிறுகிறுவென்று சுற்றிவிட்டு நடந்து பார்த்தார். அலமாரியில் மோதி டப்பாக்கள் உருண்டன, ஓடை மட்டும் வரவில்லை. ஒரு நண்டின் பின்னால் குச்சியோடு போனார். நண்டு கொஞ்சதூரம் ஒத்துழைத்துவிட்டு வளைக்குள் போய்விட்டது, இவர் வளை வாசலில் குந்திக்கொண்டு காத்திருந்தார். காவல்காரரின் நாயை அவிழ்த்துவிட்டு அது போகிற வழியில் போனார். நாய் நேராகக் காவல்காரரிடம் போய்ப் படுத்துக்கொண்டது. வேறு எந்த வேலைக்கும் ஒரு மனிதர் இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை. கெட்டுப்போவதற்கு ஊரில் எத்தனையோ பேர் சுலபமாக வழி கண்டுபிடிக்கிறார்கள், என் மாமாவுக்குக் கோணலாக ஒரு கோடு வரவில்லை.

பொக்லைன் வருவதற்கு முந்தின நாள். மாமா சாப்பாட்டைக்கூட எடுக்காமல் விடியும்போதே போய்விட்டார் என்று அக்கா டிபன் கேரியரோடு வந்தாள். படகில் ஏற்றிக்கொண்டு போய்ப் பண்ணைக் கரையில் இறக்கிவிட்டேன். உள்ளே மாமா முளைக்குச்சிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு மண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா செருப்பை உதறினாள். ஒன்று கரைமேல் குப்புற விழுந்தது, ஒன்று சரிவில் உருண்டது. கேரியரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினாள். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது.

கூப்பிட்டது நாத்தனார், அதாவது மாமாவின் தங்கை. அந்த இருவரும் பேச ஆரம்பித்தால் சுற்றிலும் இருப்பவர்கள் வேறு வேலை இருந்தால் பார்க்கலாம். அக்காவுக்கு நின்றுகொண்டு பேச வராது. நடந்தால்தான் வாய் ஓடும். கேரியரை மாமாவின் பக்கத்தில் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். நான் கரையில் உட்கார்ந்து இன்ஜினைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நேராகப் போனாள், ஏதோ காதில் விழுந்து சட்டென்று நின்றாள், "அப்புறம்?" என்று பக்கவாட்டில் திரும்பினாள், போன வழியில் பாதி வந்தாள், மறுபடி விலகினாள். காய்ந்த மண் சுட்டிருக்க வேண்டும், பொருக்கு காலைக் குத்தியிருக்க வேண்டும், அவள் கால் தானாக ஈரமான இடமாகப் பார்த்துப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

மாமா தலையைத் தூக்கினார். அவள் போவதைப் பார்த்தார். அவள் காலடியைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு குச்சிக் கட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சுத்தியலோடு எழுந்து அவள் பின்னாலேயே போனார். சரிவில் உருண்டு கிடந்த செருப்பைக் கடந்துதான் போனார். குனியவில்லை. எனக்கு அதைப் பார்த்ததும் இன்ஜினில் வைத்த கை நின்றுவிட்டது.

அவள் நின்றால் இவர் நின்றார். அவள் திரும்பினால் இவர் திரும்பி ஒரு குச்சி அடித்தார். கொஞ்ச நேரம் கழித்து அக்காவுக்குச் சந்தேகம் வந்து திரும்பிப் பார்த்தாள். என்ன வேண்டும் என்று கண்ணாலேயே கேட்டாள். மாமா, பேசு பேசு என்று கையைக் காட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. போனில் நாத்தனாரிடம், உங்கண்ணனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று சொல்லிவிட்டு அக்கா தன் பேச்சைத் தொடர்ந்தாள். நாத்தனார் புதிதாக வாங்கிய சோபா கதவுக்குள் நுழையாத கதைக்கு ஒரு பெரிய வளைவு. அவள் மகன் தானே கண்ணாடி பார்த்து முடிவெட்டிக்கொண்ட கதைக்கு ஒரு கிளை, அது எங்கும் போய்ச் சேராமல் நின்றது. தூரத்தில், நடுவாந்தரத்தில் ஓரிடத்தில் அக்கா வெகுநேரம் நின்றாள். நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றினாள். என் காதுக்கு எதுவும் எட்டவில்லை. மாமா அவளைச் சுற்றி வட்டமாகக் குச்சி அடித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் சுத்தியலை ஓங்கியவர் அடிக்காமல் அப்படியே நின்றார். பிறகு அடித்தார்.

போனில் சார்ஜ் தீர்ந்தபோது அக்கா அந்தக் கோடியில் இருந்தாள். திரும்பி வந்து, சாப்பாடு ஆறிவிட்டதே என்று மாமாவைத் திட்டினாள்.

சேற்று டாக்டர் சாயங்காலம் வந்து கரைமேல் நின்று பார்த்தார். உள்ளே இறங்கி, மட்டம் பார்க்கிற கருவியைக் குச்சிக்குக் குச்சி வைத்துப் பார்த்தார். பழைய காடு இருந்தபோது மேலேயிருந்து எடுத்த, அளவு ஒன்றும் தெரியாமல் மங்கிப்போன படத்தை விரித்து வைத்து ஒப்பிட்டார். பெரும்பாலும் பழைய ஓடை போன வழியாகவே இருக்கிறது என்றார். எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரி போன் பேசினா" என்றார் மாமா.

டாக்டர் சிரித்துச் சிரித்துச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து காரணமும் சொன்னார். பழைய ஓடை தூர்ந்துபோனாலும் அந்தத் தடம் கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும், தாழ்ந்த இடத்தில் ஈரம் நிற்கும், வெறுங்கால் ஈரத்தைத் தேடிப் போகும். ஒரே ஓரிடத்தில் மட்டும் பாதை மேட்டில் ஏறி இறங்கியிருந்தது. அங்கே அக்கா நண்டைப் பார்த்துத் துள்ளியிருந்தாள். அந்தக் குச்சிகளை மட்டும் டாக்டர் பிடுங்கி நகர்த்தினார். நடுவில் இருந்த வட்டத்தைக் காட்டி, இது என்ன என்றார். அங்கே கொஞ்சம் அதிக நேரம் பேசினாள் என்றார் மாமா. நல்லது, அலை இறங்கினாலும் மீன்குஞ்சுக்கு அங்கே தண்ணீர் நிற்கும் என்று அதை அப்படியே விட்டார்கள்.

மறுநாள் பொக்லைன்காரர் குச்சிகளைப் பார்த்துவிட்டு, குடித்துவிட்டா அடித்தீர்கள் என்று கேட்டார். என் மாமாவை ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னிடம் வந்து இரண்டு முறை சொன்னார்.

அலைநாளன்று எல்லோரும் கரைமேல் நின்றோம். அக்காவும் வந்திருந்தாள். கரையை வெட்டித் திறந்ததும் தண்ணீர் முதலில் நம்பாததுபோல் ஒரு நாக்கு மட்டும் உள்ளே நீட்டியது. பிறகு வந்தது. சோபா வளைவில் திரும்பியது, முடிவெட்டுக் கிளைக்குள் போய் வழியில்லாமல் நின்று நுரைத்தது, மறுபடி பெரிய ஓடைக்கு வந்து, நடுவில் இருந்த வட்டத்துக்குள் இறங்கி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உப்புக் காற்று என்றார். அன்றைக்குக் காற்றே இல்லை. மாமாவின் தோளில் கை வைத்து, அடுத்த பண்ணைக்கும் நீங்கள்தான் என்று சொன்னார்.

அக்காவுக்குத் தன் நடையைத் தண்ணீர் நடப்பது விளங்க நேரமானது. விளங்கியதும் வெட்கப்பட்டு, எல்லோரையும் முறைத்தாள். பிறகு வட்டத்தைக் காட்டி மாமாவிடம் கேட்டாள்.

"அங்க மட்டும் எதுக்கு அவ்ளோ பெரிசு?"

"நீ அங்க ரொம்ப நேரம் நின்ன."

"அப்படி என்ன பேசிட்டு இருந்தேன்?"

"ஞாபகம் இல்ல" என்றார் மாமா.

எந்த ரோட்டில் எந்தக் கோடு எவ்வளவு அகலம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்கிறவர் அவர். காது இரண்டும் சிவந்திருந்தன.

திரும்பும்போது அக்கா படகின் முன்பக்கம் உட்கார்ந்து நாத்தனாருக்குப் போன் போட்டு இந்த விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா என் பக்கத்தில் இருந்தார். இன்ஜின் சத்தத்தில் நானே மெல்லக் கேட்டேன், உண்மையில் என்னதான் பேசினாள் என்று. கடலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"என் தங்கச்சிகிட்ட சொல்றா, இந்த வேலையும் போச்சுன்னா இவர் தாங்க மாட்டாரு, வீடு முழுக்க கோடு போட்டாலும் போட்டுக்கட்டும், அந்த மூஞ்சி மட்டும் தொங்கக் கூடாதுன்னு. பின்னாடி நான் நிக்கிறேன்னுகூட அவளுக்கு நெனப்பில்ல." பிறகு, "இத்தனை வருஷமா அவ பேச்சை நான் கேட்டதே இல்லம்மா. நேரா விஷயத்துக்கு வர மாட்டேங்கிறாளேன்னு எரிச்சல்தான் பட்டிருக்கேன்" என்றார்.

படகைக் கொஞ்சம் சுற்றுவழியாக ஓட்டினேன்.

அடுத்த பருவத்தில் விதைகள் வந்து இறங்கின. அந்த வட்டத்தின் ஓரத்தில்தான் முதலில் முளைவிட்டன, ஒன்று இங்கே, நாலைந்து அங்கே, ஒன்று யாரோடும் சேராமல் தனியே. மாமா ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவற்றுக்குள் வரிசை ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தார். இல்லை. சரி என்று விட்டுவிட்டு அடுத்த பண்ணைக்குக் குச்சி சீவப் போனார். அங்கே ஓடை போட அவர் சம்மதித்திருக்கிறார், ஆனால் நிலையம்தான் அக்காவின் போனுக்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார்.

போன வாரம் அக்கா என்னைக் கூப்பிட்டாள். குரல் சரியில்லை. மாமாவுக்கு உடம்புக்கு ஏதோ என்று தோன்றுகிறது, ஒரு நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டும், சேற்று டாக்டர் வேண்டாம் என்றாள். என்ன ஆயிற்று என்று பதறிப்போய்க் கேட்டேன். காய்ச்சலா என்றேன். இல்லை, நன்றாகத்தான் சாப்பிடுகிறார், நன்றாகத்தான் தூங்குகிறார் என்றாள். டப்பாவெல்லாம் வரிசையாகத்தான் இருக்கிறதாம். எல்லோர் செருப்பையும் அதனதன் இடத்தில்தான் வைக்கிறாராம்.

"என் செருப்பை மட்டும் தொட மாட்டேங்கிறாரு. நான் உதறிப் போட்ட இடத்துலயே கெடக்கு. தாண்டித் தாண்டிப் போறாரு" என்றாள் அக்கா.